அம்மாவின் கம்பளிக் காலுறையும் எங்கள் வீட்டுத் தரையும்

2017 ஜனவரியில் ஒரு விடியற்காலை, மூன்று மணி இருக்கும். ஹாலில் டமார் என்று ஒரு சத்தம். கோத்தகிரியில் ராத்திரி சத்தம் கேட்டால் முதலில் கரடி என்றுதான் நினைப்போம். எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்த கதைகள் ஊரில் ஏராளம். வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். கரடி இல்லை. ஹாலின் நடுவே இரண்டு டைல்ஸ் ஒன்றுக்கொன்று முட்டி, கும்பிடு போட்ட கை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த மூன்றாவது ஒன்று 'கிர்ர்' என்று நகர்ந்தது.

அதற்கு முன்பு ஒரு தடவை, அதற்குப் பின்பு ஒரு தடவை என்று ஒரே வீட்டுக்கு இரண்டு முறை டைல்ஸ் போட்டிருக்கிறேன். முதல் முறை செய்ததெல்லாம் தப்பு. இரண்டாவது முறையும் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது, ஆனால் தரை நிற்கிறது. மலையில் வீடு வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

வீடு அப்பா கட்டியது. அரவேணுவுக்கும் கோத்தகிரிக்கும் நடுவில், ரோட்டிலிருந்து ஐம்பத்திரண்டு படி இறங்க வேண்டும். முன்பு காவித் தரை, சிமென்டில் காவி கலந்து மெழுகியது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துவிட்டு, மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார். முகம் தெரியும். வருஷம் போகப் போக வெடிப்பு விட்டது, அங்கங்கே கறுத்தது. 2014இல் தம்பி கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் இப்படியா தரை இருப்பது என்று ஆளாளுக்குச் சொல்ல, டைல்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவானது.

எங்களுக்குச் சமவெளி என்றாலே 'கீழே' தான். கீழே கோவையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கூரை முழுக்க விளக்கு. அந்த வெளிச்சத்தில் எல்லா டைல்ஸும் மகாராணி மாதிரி இருக்கும். வெள்ளையில் லேசாகச் சாம்பல் கோடு ஓடிய, இரண்டுக்கு இரண்டு அடி, பளபள விட்ரிஃபைட் டைல்ஸை, அதாவது கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட ரகத்தை, எடுத்தோம். அக்டோபரில் வேலை ஆரம்பித்தது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெரிய மழையே வடகிழக்குப் பருவத்தில்தான் என்று பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருந்தும் அக்டோபரில் ஆரம்பித்தேன். கல்யாணம் கார்த்திகையில்.

வந்த ஆட்கள் வேகமானவர்கள். பழைய காவித் தரையை உடைக்காமல் அதன் மேலேயே கலவையைக் கொட்டி, டைல்ஸ் முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சிமென்ட் வைத்து அழுத்தினார்கள். இடைவெளியே விடாமல் ஒன்றோடொன்று நெருக்கிப் போட்டார்கள். "கேப் விட்டா அசிங்கமா இருக்கும் மேடம்" என்றார் தலைமை ஆள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. தரை இரண்டு அங்குலம் ஏறிவிட்டதால் கதவெல்லாம் அடியில் இடித்தது; ஏழு கதவைக் கழற்றி அறுத்தோம். அந்தச் செலவு யார் கணக்கிலும் இல்லை.

கடைசியில் மூன்று பெட்டி குறைந்தது. அதே கடை, அதே பெயர், அதே எண் என்று வாங்கி வந்தோம். விரித்துப் பார்த்தால் புதியது லேசாக மஞ்சள் அடித்தது. பெட்டியின் ஓரத்தில் ஷேடு எண், பேட்ச் எண் என்று அச்சடித்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறை சூளையில் வேகும்போதும் நிறம் ஒரு நூல் மாறும். அளவும் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும். அந்த மூன்று பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் போட்டு மறைத்தோம்.

கல்யாணப் போட்டோவில் தரை அழகாகத்தான் விழுந்திருக்கிறது.

அடுத்த ஜூலையில் அம்மா விழுந்தார். இங்கே வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுத்தான் நடப்போம். மூடுபனி நாளில் ஈரக்காற்று உள்ளே வந்து, சில்லென்றிருக்கும் தரையில் பட்டு அப்படியே வியர்த்துவிடும். பளபளத் தரை, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம், அதன் மேல் கம்பளிக் காலுறை. பூஜை அறைக்குப் போனவர் வழுக்கி, வலது மணிக்கட்டில் எலும்பு விட்டுவிட்டது. ஆறு வாரம் கட்டு. அதற்கப்புறம் ஹால் முழுக்கப் பாயும் மிதியடியும் போட்டு, ஆசையாக வாங்கிய தரையை மூடியே வைத்திருந்தோம்.

அதற்கு மேல்தான் அந்த ஜனவரி சத்தம்.

ஏன் அப்படித் தூக்கியது என்று பின்னால் நிதானமாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரே குடிக்காது; தன் எடையில் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. தண்ணீர் குடிக்காத முதுகில் வெறும் சிமென்ட் பால், அதாவது தண்ணீரில் கரைத்த சிமென்ட், பிடிக்காது. அதற்கென்று இருக்கும் டைல்ஸ் பசையில்தான் ஒட்ட வேண்டும். எங்களுடையது ஐந்து உருண்டையில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஜனவரி ராத்திரியில் குளிர் இறங்கும்போது அடியில் இருக்கிற சிமென்ட் தளம் சுருங்கும். மேலே இருக்கிற டைல்ஸ் அந்த அளவுக்குச் சுருங்காது. நடுவிலும் இடைவெளி இல்லை, சுவர் ஓரத்திலும் இல்லை. போக வழியில்லாமல் மேலே எழும்பிவிட்டது. விட்ரிஃபைட் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல பசையில், இடைவெளி விட்டு ஒட்டினால் அது செராமிக்கைவிட உறுதியானதுதான்.

கையில் பணமில்லை, அப்புறம் கொரோனா வந்தது. 2022 பிப்ரவரியில்தான் மறுபடி கை வைத்தோம். இந்த முறை டைல்ஸ் தேடுவதற்கு முன் ஆளைத் தேடினேன். யார் வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரையைத் தட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கிண் கிண் என்றால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. பொத் பொத் என்றால் காலி. எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர் வீட்டில் மூலை முடுக்கெல்லாம் கிண் கிண் என்றது. எட்டு வருஷத் தரை. போட்டவர் சிறுமுகைக்காரர். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

மேஸ்திரி வந்தவுடன் எந்த டைல்ஸ் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்க அக்கா?" என்றார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த மேடு, அதற்குத் தடுப்புச் சுவர், சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடி வடிகால். அதில் சருகும் மண்ணும் சேர்ந்து பாதி அடைத்திருந்தது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்கு அடியில் போயிருக்கிறது. "இதை வாராம மேலே தங்கத்தையே போட்டாலும் நிக்காதுங்க" என்றார்.

தரையில் ஈரம் கீழிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று பார்க்க அவர் ஒரு வேலை செய்தார். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். டைல்ஸ் எடுத்த இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டிவிட்டு இரண்டு நாள் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஹாலின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். வாசல் பக்கத்துத் தாளுக்கு அடியில் ஒன்றும் இல்லை, மேலேதான் லேசான ஈரம். மேலே இருப்பது பனி. ஜன்னல் திறந்து, வீட்டைச் சூடாக வைத்தால் போகும். அடியில் இருப்பது மண்ணிலிருந்து ஏறுவது. எந்த டைல்ஸ் போட்டாலும் இணைப்பு வழியாக மேலே வந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்க வைக்கும்.

பழையதை உடைத்தெடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. காவித் தரையில் ஒரு விரல் நுழையும் வெடிப்பு, ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குறுக்காக ஓடியது. அதே கோட்டில்தான் 2014 டைல்ஸிலும் நாலைந்து விரிசல் விட்டிருந்தது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "வீடு ரெண்டு காலை ரெண்டு இடத்துல வெச்சிருக்குங்க" என்றார். மலையில் வீடு கட்டுகிற முறை அப்படி. பின்பாதி வெட்டிய கெட்டி மண்ணில் இருக்கும். வெட்டியெடுத்த மண்ணையே முன்னால் தள்ளி நிரப்பி, முன்பாதியை அதன் மேல் எடுப்பார்கள். கெட்டி மண் இறங்காது, நிரப்பிய மண் வருஷா வருஷம் ஒரு நூல் இறங்கும். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் முழுக்க மண் சரிந்தபோது எங்கள் முன்பக்கத் திண்ணை கொஞ்சம் சாய்ந்தது; அன்றைக்கே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். இரண்டு மண்ணும் சந்திக்கிற கோட்டில்தான் தரை பிளக்கிறது. உங்கள் வீட்டில் டைல்ஸ் ஒரே நேர்கோட்டில் விரிசல் விட்டிருந்தால் டைல்ஸைத் திட்டாதீர்கள்.

முன்பக்கத்து மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்து, அரை அடி அரை அடியாகத் திரும்பப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் அடித்தார்கள். அதன் மேல் கருங்கல் அடுக்கி, மணல் தூவி, தடிமனான பாலித்தீன் தாள் விரித்து, கம்பி வலை வைத்து நான்கு அங்குலத்துக்கு ஜல்லிக் கான்கிரீட். தாளை ஒன்றன் மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரித்து, சுவர் ஓரத்தில் மேலே மடித்துவிட வேண்டும். தாள் கான்கிரீட்டுக்கு அடியில்தான் போக வேண்டும்; டைல்ஸுக்கும் கலவைக்கும் நடுவில் விரித்து ஒரு புண்ணியமும் இல்லை. மண் சந்திக்கிற இடத்தில் கான்கிரீட்டையே இரண்டு துண்டாகப் போட்டார்கள். இதற்கு ஆன செலவு டைல்ஸ் விலையைவிட அதிகம். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கான்கிரீட் காய்கிற நேரத்தில் டைல்ஸ் வாங்க மேட்டுப்பாளையம் இறங்கினேன். கைப்பையில் அம்மாவின் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி.

கடைப் பையன் முதலில் பளபளப்பாக நாலைந்து காட்டினான். பளபளப்பில்லாத மேட் காட்டு தம்பி என்றேன். எடுத்து வந்து தரையில் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையை மாட்டிக்கொண்டு, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் டைல்ஸ் மேல் ஊற்றி, ஒரு காலை வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தேன். பையன் உள்ளே போய் இன்னொரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தான். சிரித்தார்கள், சிரிக்கட்டும். பதினொன்று பார்த்தேன். மேட் என்று எழுதியிருந்த நாலில் கால் வழுக்கியது. கையால் தடவினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது, ஈரத்தில்தான் வித்தியாசம். ரொம்பச் சொரசொரப்பானதும் வேண்டாம். அந்தச் சொரசொரப்பில் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் போய் உட்கார்ந்தால் துடைப்பத்துக்கும் வராது, துணிக்கும் வராது. குளியலறைக்கு மட்டும் அப்படி எடுத்தேன், ஒன்றுக்கு ஒன்று அடி அளவில்.

வீட்டுக்குள் பதினாறு அங்குலம், அதாவது 400க்கு 400 மில்லிமீட்டர் செராமிக். ஏன் செராமிக் என்றால், அது சிமென்ட் கலவையோடு ஒத்துப்போகும். களிமண்ணும் கல்பொடியும் கலந்து அழுத்தி, ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் வேகவைத்தது. மேலே கண்ணாடிப் பூச்சு, முதுகில் நுண்துளை. முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: விட்ரிஃபைடில் முத்தாக நிற்கும், தரைக்கான செராமிக்கில் மெதுவாக இறங்கும். சொட்டு விழுந்த வேகத்தில் மாயமானால் அது சுவருக்கான டைல்ஸ். சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும், மிதித்தால் தாங்காது. விலை குறைவு என்று அதைத் தரைக்குத் தள்ளிவிடுகிற கடையும் உண்டு. தரைக்கு மூன்றிலிருந்து ஆறு சதவீதம் என்கிற ரகம் போதும். பெட்டியில் ஐ.எஸ். 15622 என்ற இந்தியத் தர முத்திரையோடு எந்த ரகம் என்றும் போட்டிருப்பார்கள்.

இன்னொரு சோதனை மேஸ்திரி சொல்லி அனுப்பியது. ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து முகத்தோடு முகம் வைத்துப் பிடித்தால் நடுவிலோ மூலையிலோ சந்து தெரியக்கூடாது. தெரிந்தால் வேகும்போது வளைந்துவிட்டது என்று அர்த்தம். பதித்த பின் ஓரங்கள் தட்டும். இரண்டு மாடல் அப்படித்தான் ஒதுங்கியது.

நிறத்தை மட்டும் கடையில் முடிவு செய்யவில்லை. மூன்று சாம்பிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்து, ஹாலில் ஒரு வாரம் போட்டு வைத்தேன். பனி நாளில் எங்கள் வீட்டுக்குள் வருகிற வெளிச்சமே பால் மாதிரி மங்கல். கடையில் அழகாக இருந்த கரும்பழுப்பு, வீட்டில் குகை மாதிரி இருந்தது. வெளிர் நிறத்தில் நாய் ஒரு தடவை நடந்ததும் கதை முடிந்தது. நடுவாந்தரமான, காய்ந்த மணல் நிறம் ஜெயித்தது. அதில் லேசான புள்ளி வேறு இருந்ததால் மண் விழுந்தாலும் சட்டென்று தெரியாது. அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "காவித் தரை காலைக் கடிக்காதுடி" என்றார். அதுவும் சிமென்ட்தான், அதுவும் சில்லென்றுதான் இருந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை.

கணக்கு இந்த முறை நானே போட்டேன். ஹால் 14க்கு 16, அறை இரண்டும் 10க்கு 12, சமையலறை 8க்கு 10. மொத்தம் 544 சதுர அடி. வெட்டு, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 598. ஒரு பெட்டியில் ஐந்து டைல்ஸ், 8.6 சதுர அடி. ஆக 70 பெட்டி. சுவர் அடியில் ஓரமாக ஒட்டும் பட்டையை, அதாவது ஸ்கர்டிங்கை, இதில் சேர்க்க மறந்துவிடுவோம். ஒரு டைல்ஸை நான்கு அங்குலப் பட்டையாக நான்கு துண்டு போட்டால் ஐந்தேகால் அடி ஓடும். எங்களுக்கு வாசல் போக 160 அடி, அதாவது ஆறு பெட்டி. கையிருப்புக்கு இரண்டு. 78 பெட்டி, எல்லாம் ஒரே பேட்ச். கடைக்காரர் பேட்ச் எண்ணை ரசீதிலேயே எழுதிக் கொடுக்கும்வரை முன்பணம் கொடுக்கவில்லை. அப்போது விலை சதுர அடி 42 ரூபாய், 18 சதவீத வரி உட்பட. வரி உள்ளேயா வெளியேயா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பில் போடும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

பெட்டி ஒன்று பதின்மூன்று, பதினான்கு கிலோ. மொத்தம் ஏறக்குறைய ஒரு டன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. பெட்டியைப் படுக்கப் போட்டு அடுக்கினால் வளைவுக்கு வளைவு அடியில் இருப்பது நொறுங்கும். செங்குத்தாக நிறுத்தி, நடுவில் வைக்கோல் செருகி, கயிறு கட்டி ஏற்றினோம். ரோட்டிலிருந்து ஐம்பத்திரண்டு படி தலைச்சுமை, பெட்டிக்கு இருபது ரூபாய். முப்பது பெட்டி இறங்கியிருக்கும், படிக்குக் குறுக்கே ஒரு காட்டெருமை வந்து நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் வழக்கமாக மேய்வதுதான். அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றது. தலையில் பெட்டியோடு மேலே இரண்டு பேர், கீழே நாங்கள். வண்டிக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்டார். மாட்டிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர். அன்றைக்குத்தான் அவர் கோபம் போனது.

எண்ணிப் பார்த்ததில் உடைந்தது நான்கே டைல்ஸ். அவையும் வீண் இல்லை, ஓரத்து வெட்டுக்கு ஆயிற்று.

பதிக்கும் வேலை ஒன்பது நாள். கீழே இதே வேலையை ஐந்து நாளில் முடிப்பாராம். இங்கே காலை ஒன்பதரை வரை கையே விறைத்துப் போகிறது, கலவை எங்கே இறுகும்? மணலைத் தார்ப்பாய் போட்டு மூடாமல் விட்டால் ஒரே ராத்திரிப் பனியில் ஊறிவிடும். அந்த மணலுக்கு வழக்கமான தண்ணீரை ஊற்றினால் கலவை கூழாகிவிடும். மேஸ்திரி மணலைக் கையில் பிடித்து உருட்டிப் பார்த்துத்தான் தண்ணீர் சொன்னார்.

முதல் நாள் ஒரு டைல்ஸ்கூடப் பதியவில்லை. தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துச் சுவர் முழுக்க நீலக் கோடு போட்டார். அப்புறம் கலவை இல்லாமல் வெறும் டைல்ஸை ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வரிசை பரப்பினார். "வாசல்ல நின்னா முழு டைல்ஸ் தெரியணும். வெட்டு டைல்ஸ் கட்டிலுக்கு அடியில போகணும்." எங்கள் ஹால் சுவர் ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் கோணல். அதை மூலையிலிருந்து ஆரம்பித்திருந்தால் கடைசி வரிசையில் கோணல் பல்லிளித்திருக்கும். நடுவிலிருந்து ஆரம்பித்ததால் இரண்டு ஓரத்திலும் பாதியாகப் பகிர்ந்துபோய்க் கண்ணுக்கே தெரியவில்லை.

டைல்ஸை அண்டாத் தண்ணீரில் போட்டால் குமிழ் குமிழாக விடும். குமிழ் நின்ற பிறகு எடுத்து, சுவரோரம் நிறுத்தி, மேல் ஈரம் வடிந்ததும் பதிப்பது. ஊறாமல் போட்டால் அது கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், கலவை பொடியாகிவிடும். சொட்டச் சொட்டப் போட்டாலும் பிடிக்காது. இந்த ஊறவைப்பு செராமிக்குக்குத்தான்; விட்ரிஃபைடை ஊறவைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவையை ஓர் அங்குலத்துக்கு மேல் பரப்பி, மட்டப்பலகை இழுத்து, சிமென்ட் பால் ஊற்றி, டைல்ஸ் முதுகு முழுக்கக் கரணையால் சிமென்ட் தடவி வைத்து, ரப்பர் சுத்தியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டினார்கள். நடுவில் மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர். சுவரோரம் அரை அங்குலம் காலி. ஸ்கர்டிங் அதை மறைத்துவிடும். மண் சந்திக்கிற கோட்டுக்கு மேலே மட்டும் இணைப்பைச் சிமென்டால் அடைக்காமல், ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட் போட்டார். குறுக்குக் கோடு என்பதால் அங்கே டைல்ஸைப் படிப்படியாக வெட்டி ஒரு நேர்கோடு வரவழைக்க வேண்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

மறுநாள் காலையில் ஒரு குச்சியை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பொத் என்ற ஐந்தை நாங்கள் சொல்லாமலே அவரே பெயர்த்து மறுபடி போட்டார். நாணயத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை.

குளியலறையில் ஒரு தகராறு. வாட்டம் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். கதவுப் பக்கம் தேங்கி நின்றது. தண்ணீர் தானாக ஓடுகிற அளவுக்குச் சாய வேண்டும், அதுவும் ஓட்டையை நோக்கி. இரண்டு வரிசை பெயர்த்துப் போட்டார்கள். பதித்த அன்றே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள், டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற ஜாயின்ட்டை அடைத்த பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜாயின்ட் பவுடரை மூன்று நாள் கழித்துத்தான் போட்டோம். கீழே ஒரு நாள் போதுமாம். வெள்ளை வேண்டாம் என்று சொல்லி மண் நிறத்தில் எடுத்தேன், எப்படியும் ஆறு மாதத்தில் அந்த நிறத்துக்குத்தானே வரப்போகிறது. சமையலறைக்கும் குளியலறைக்கும் எபாக்சி என்கிற பிசின் கலவை. விலை கூடுதல், ஆனால் எண்ணெயும் குடிக்காது, கறுப்புப் பூஞ்சையும் பிடிக்காது. பனி ஊரில் குளியலறை இணைப்பு கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நான் கோட்டை விட்ட ஒன்று உண்டு. கடைசி நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது, டைல்ஸ் மேல் படிந்த சிமென்ட் கறையைப் போக்க கையாள் ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார். முன்வாசல் பக்கம் நாலடிக்கு ஜாயின்ட் அரித்து, மறுபடி அடைக்க வேண்டியதாயிற்று. ஜாயின்ட் போட்ட அரை மணிக்குள் ஈர ஸ்பான்ஜால் துடைத்திருந்தால் ஆசிட்டே தேவைப்பட்டிருக்காது.

வெளிப்படிக்கும் இதே டைல்ஸ் போடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் ஊட்டியில் தலைகுந்தாவில் இருக்கும் சித்தி வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். செராமிக் குடித்த தண்ணீர் உள்ளேயே உறைந்து உப்பும்போது மேல் பூச்சு செதில் செதிலாக உரிந்துவிடும். சித்தி வீட்டுப் படி ஐந்தே வருஷத்தில் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கம் உறைபனி அவ்வளவு இல்லைதான். இருந்தாலும் படிக்குக் கொத்திய கருங்கல்லையே விட்டுவிட்டோம்.

நான்கு மழை, நான்கு ஜனவரி பார்த்தாயிற்று. வடிகாலை ஆண்டுக்கு இரண்டு தடவை வாருகிறோம். பின்பக்க மூலையில் மட்டும் முதல் வருஷம் லேசாக உப்புப் பூத்தது, துடைத்தோம், அப்புறம் வரவில்லை. தரை சில்லென்றுதான் இருக்கிறது. ஹாலில் அம்மா உட்காருகிற இடத்தில் தேங்காய் நார்ப் பாய் ஒன்று கிடக்கிறது. மாடிப்படிக்கு அடியில் இரண்டு பெட்டியை நிறுத்தி வைத்திருந்தோம். போன தீபாவளிக்கு கேஸ் சிலிண்டரை இறக்கும்போது தம்பி கை நழுவி, சமையலறை வாசலில் ஒரு டைல்ஸ் மூளியாகி உள்ளே இருக்கிற செங்கல் நிறம் தெரிந்தது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மேஸ்திரியே வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எது புதியது என்று கேட்டால் அம்மா காலுறைக் காலால் தடவிப் பார்த்து, வேறொன்றைக் காட்டுகிறார்.